டர்பன் தமிழ் வீட்டுக்குள் ஈஸ்டர் முட்டை வந்த கதை

கோயம்புத்தூரில் பிறந்து, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். புகுந்த வீடு இந்துக் குடும்பம். பெரிய வெள்ளியன்று வீடே விரதமிருந்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகிறது. ஞாயிறு காலையில் அதே மாமியார், வெங்காயச் சருகில் அவித்துச் சிவக்க வைத்த முட்டைகளைக் கறிவேப்பிலைச் செடியடியிலும் துவைகல்லுக்குப் பின்னாலும் ஒளித்துவைத்து, பிள்ளைகளைத் தேட விடுகிறார். கேட்டால் "எங்க ஆயா காலத்துலேருந்து செய்யறோம், நம்ம ஆளுங்க பழக்கம்தான்" என்கிறார். இது நிஜமாகவே தமிழ் வழக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இன்னொரு தடவை படித்தால், உங்களை உறுத்துவது வரலாறு மட்டும் இல்லை என்று தெரிகிறது. அம்மனுக்கு விரதம் முடிந்த கையோடு முட்டையை எடுத்து விளையாடலாமா என்ற தயக்கம்தான் உள்ளே இருக்கிறது. கடைசி வரியில் அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதற்கும் வருகிறேன்.

நான் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பும் எடுத்தேன். பிறந்தது வடகடற்கரைப் பக்கம், கரும்புக் காட்டை ஒட்டிய வீட்டில். கோழியோடும் முட்டையோடும் வளர்ந்தவள். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் லீவுக்கு முன்னால் பிள்ளைகளிடம் "உங்க வீட்ல என்ன செய்வீங்க?" என்று எழுதச் சொல்வேன். அப்புறம் அவர்களுடைய பாட்டிகளிடம் போய் விசாரிப்பேன். அந்தப் பழக்கத்தில் சேர்ந்ததுதான் நான் இங்கே சொல்வதில் பாதி. நான் பூசாரியும் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. டர்பன் இருக்கும் நேட்டால் பக்கத்துக் குடும்பங்களைத்தான் எனக்குத் தெரியும். கேப் டவுன் பக்கம் பெரிய வெள்ளிக்கு மஞ்சளும் வினிகரும் வெங்காயமும் போட்டு ஊறவைக்கும் மீனைச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, அங்கே உள்ளவர்களின் வழக்கங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

முதல் கேள்விக்கு நேரான பதில்: முட்டையை ஒளித்துவைத்துத் தேடுவது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது இல்லை. உங்களுக்கே தெரிந்திருக்கும், அங்கே உள்ள கிறிஸ்தவர்களிடம்கூட இது பழைய வழக்கம் கிடையாது. சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளியன்று கோவில் வாசலில் ஊற்றும் கஞ்சி, சனி இரவுத் திருப்பலி அல்லது ஞாயிறு விடிகாலை ஆராதனை, அப்புறம் வீட்டில் கறிச் சாப்பாடு. இவ்வளவுதான். பேக்கரியில் சர்க்கரை முட்டை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பிறகு சேர்ந்தது.

தேடும் விளையாட்டின் ஊர் ஜெர்மனி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1682-ல் கியோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் என்ற மருத்துவர், முயல் முட்டையிட்டுத் தோட்டத்தில் ஒளித்துவைப்பதாகப் பிள்ளைகளை நம்பவைத்துத் தேட விடும் வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மருத்துவர் இல்லையா, முட்டையை அளவில்லாமல் தின்றால் வரும் உபாதைகளையும் கூடவே எழுதிவைத்தார். அங்கிருந்து அது குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போனது. இங்கிலாந்து அரச குடும்பத்துக்குள் விக்டோரியா ராணியின் ஜெர்மானியத் தாய் வழியாக வந்தது. ராணி சிறுமியாக இருந்தபோது, 1833 ஏப்ரலில், அம்மா அலங்கரித்த முட்டைகளைத் தேடியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாக்லேட் முட்டை அதற்கும் பிந்தியது. பிரிஸ்டலில் ஃபிரை கம்பெனி 1873-லும், கேட்பரி 1875-லும் செய்யத் தொடங்கின. ஆக, கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த நம் ஆட்களின் முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16-ம் தேதி மதராஸிலிருந்து வந்து சேர்ந்தபோது, பிரிட்டனில் சாக்லேட் முட்டையே பிறக்கவில்லை.

முட்டைக்கும் ஈஸ்டருக்கும் உள்ள தொடர்பு இதைவிடப் பழையது, காரணமும் ரொம்ப நடைமுறையானது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. மனிதர்கள் விரதமிருந்தால் கோழிக்கென்ன, அது இட்டுக்கொண்டே இருக்கும். நாற்பது நாள் முட்டை வீட்டில் சேர்ந்துவிடும். ஈஸ்டர் வந்ததும் அதைச் சாப்பிட வேண்டும், கொடுக்க வேண்டும், அழகுபடுத்த வேண்டும். 1290-ல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் ராஜாவின் அரண்மனைக் கணக்கில் ஈஸ்டருக்காக 450 முட்டை வாங்கிய செலவு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றும், நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஈஸ்டர் என்பது ஒரு பழைய வசந்த தேவியின் திருவிழா, முயலும் முட்டையும் அவளுடையவை என்று. இதை அப்படியே நம்பவேண்டாம். அந்தத் தேவியின் பெயருக்குப் பழைய ஆதாரம் என்று இருப்பது பீட் என்ற ஆங்கிலத் துறவி 725 வாக்கில் எழுதிய ஒரு குறிப்புதான். அதில் முயலும் இல்லை, முட்டையும் இல்லை. அவற்றை அவளோடு ஒட்டவைத்தவர்கள் 19-ம் நூற்றாண்டு ஆட்கள்.

சரி, டர்பன் தமிழ் வீட்டுக்குள் இது எந்த வாசல் வழியாக வந்தது? நான் கேட்டறிந்தவரை மூன்று வாசல்கள். முதலாவது மிஷன். ட்ரூரோ கப்பல் பயணிகள் பட்டியலிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1883 முதல் டர்பனில் டாக்டர் பூத் நடத்திய செயின்ட் எய்டன்ஸ் மிஷனும், கத்தோலிக்கக் குருமார்களும், பிறகு வந்த பெந்தெகொஸ்தே சபைகளும் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஓய்வுநாள் பள்ளியும் நடத்தினார்கள். இந்துப் பிள்ளைகளும் அங்கே போனார்கள், ஏனென்றால் பக்கத்தில் இருந்த பள்ளி அதுதான். இரண்டாவது வாசல், வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்கும் தோட்டத்துக்கும் போன நம் பெரியவர்கள். எஜமானி வீட்டுப் பிள்ளைகள் புல்தரையில் முட்டை தேடுவதைப் பார்த்து, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து தன் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆயாக்களைப் பற்றிப் பல வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது, கடை. சாக்லேட் பூசிய மார்ஷ்மெல்லோ முட்டையை இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டுபோன பீக்கன் கம்பெனி டர்பனில் பிறந்தது. எங்கள் தலைமுறைக்கு ஈஸ்டர் என்றாலே அந்த முட்டைதான். அதைச் சுற்றியிருக்கும் வண்ணத் தாளைக் கிழியாமல் உரித்து, மேஜைமேல் வைத்து, கட்டைவிரல் நகத்தால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வோம். சாக்லேட் தீர்ந்து வாரக்கணக்கான பிறகும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வாசனை வரும். சிவப்புத் தாள் ஒன்றுக்கு நீலத் தாள் இரண்டு என்று பண்டமாற்றுகூட நடக்கும். வகுப்பில் அதற்காக நடந்த சண்டைகளை விலக்கிவிட்ட ஆசிரியையும் நானே.

ஆனால் கடை முட்டை வாங்க எல்லா வீட்டிலும் காசு இருக்காது. உங்கள் மாமியாரின் ஆயா வெங்காயச் சருகில் கோழிமுட்டையை அவித்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாகிறது. முட்டை தேடுவது இரவல் வழக்கம்தான். அதை எப்போது செய்வது என்ற ஒழுங்கு இரவல் இல்லை. அது மாரியம்மனிடமிருந்து வந்தது.

டர்பனில் பெரிய வெள்ளி என்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான நாளாக ஒருபோதும் இருந்ததில்லை. அம்பிலோ ஆற்றங்கரையில் 1875-ல் கட்டி, 1905 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், பிறகு கேட்டோ மேனரில் 1947-ல் மறுபடி எழுந்த ஸ்ரீ அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி ஈஸ்டர் சமயத்தில்தான். இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் பெரிய வெள்ளிக்குக் கூட்டம் ஆயிரக்கணக்கில். ஏன் இந்த நாள் என்றால், தோட்டத்தில் லீவு கிடைத்த நாள் அது, அதனால் திருவிழாவை அங்கே வைத்துக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எழுத்தில் உள்ள தீர்மானம் என்று யாரும் காட்டியதில்லை, வாய்வழிச் செய்திதான். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் தேதி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை ஒட்டி வருவது. நம் பங்குனி உத்திரமும் அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். 2023-ல் ஏப்ரல் 5 பங்குனி உத்திரம், 7 பெரிய வெள்ளி, 9 ஈஸ்டர். ஆக, கரும்புத் தோட்டத் துரை கொடுத்த லீவு, நம் ஆட்கள் ஊரிலும் அம்மனுக்கும் முருகனுக்கும் கூடியிருக்கும் பருவத்திலேயே வந்து விழுந்தது. மாற்றிக்கொள்ள அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். காப்புக் கட்டி விரதம் தொடங்கினால் வீட்டில் கவிச்சி கூடாது. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பாத்திரத்தைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தனியாக எடுத்துவைப்பார்கள். ஆனால் கொல்லைக் கோழி காப்புக் கட்டவில்லை, அது பாட்டுக்கு இடும். அந்த முட்டைகளை என் அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் தவிட்டைப் போட்டு, சமையலறைக்கு வெளியே, குழாயடிக்கு மேலே உள்ள பலகையில் சேர்த்துவைப்பார். ஐரோப்பாவில் தவக்காலத்தில் நடந்த அதே கணக்கு, கரும்புத் தோட்டத்து வீட்டில் மாரியம்மன் விரதத்தால் தானாக நடந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை. கோழியும் விரதமும் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான் ஆகும். இந்த ஒப்பீடு என்னுடையது. இதைத்தான் நான் உங்கள் மாமியாரின் "நம்ம ஆளுங்க பழக்கம்" என்ற பேச்சில் உள்ள உண்மை என்பேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஐரோப்பாவில் ஈஸ்டர் வசந்தத்தில் வருகிறது, பகல் நீள நீள கோழி அதிகமாக இடும். இங்கே அது இலையுதிர் காலம். கோழி நன்றாக இடுவதற்கு ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். டர்பனில் மார்ச் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரம், அதற்குமேல் குறைந்துகொண்டே போகும். விளக்குப் போடாத கொல்லைக் கோழி அப்போது முட்டையைக் குறைத்து, இறகு உதிர்க்கத் தொடங்கும். அதனால் இங்கே குவியாது. ஒன்று இரண்டாகத்தான் சேரும், பேரப்பிள்ளைக்கு ஆளுக்கொன்று தேறினால் பெரிய விஷயம். ஒளித்துவைத்துத் தேட விடும் விளையாட்டு அப்படிப்பட்ட வீட்டுக்கு நன்றாகப் பொருந்தியது. முட்டை கொஞ்சமாக இருந்தாலும் தேடுவதில் ஒரு காலைப்பொழுது போய்விடும் இல்லையா! 1960-களில் நிறவெறி அரசு கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்தும் குடும்பங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்ட பிறகு, ஒட்டி ஒட்டி இருந்த வீடுகளில் கோழிக்கு இடம் சுருங்கிப்போனது. கோழி போனாலும் வெங்காயச் சருகு போகவில்லை.

அம்மனுக்கு ஆகாதா என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். விரதம் நடக்கும்போது முட்டையைத் தொடக்கூடாது, அது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். காப்பு அவிழ்த்த பிறகு தடை இல்லை. எப்போது அவிழ்ப்பது, எத்தனை நாள் கழித்துக் கவிச்சி சேர்ப்பது என்பதில் கோவிலுக்குக் கோவில் வித்தியாசம் உண்டு. சில வீடுகளில் சனிக்கிழமையே முடித்துவிடுவார்கள், சிலர் திங்கள் வரை இழுப்பார்கள். இதை உங்கள் கோவில் குருக்களிடம்தான் கேட்க வேண்டும், இணையத்தில் நான் சொல்வது செல்லாது. மற்றபடி முட்டையே தீட்டு என்று நம் ஆட்கள் நினைத்ததில்லை. இந்த ஊரில் முனீஸ்வரன் படையலில் அவித்த முட்டை வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் திருஷ்டி கழிக்க முட்டை சுற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் மாமியார் ஞாயிறு காலை வரை காத்திருக்கிறாரே, அந்தக் காத்திருப்பிலேயே அம்மனுக்கு உரிய மரியாதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முழுசாக மனசு ஒப்பவில்லை என்றால் திங்கட்கிழமைக்குத் தள்ளி வையுங்கள். சட்டப்படி இப்போது அது 'குடும்ப நாள்' விடுமுறை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

இனி சிவப்பு. பழைய வெங்காயத்தின் காய்ந்த மேல்தோல் மட்டும் வேண்டும், ஈரமான உள்தோல் ஆகாது. ஒரு பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் சருகு ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சரியாக இருக்கும். மார்க்கெட்டில் வெங்காய மூட்டையின் அடியில் உதிர்ந்து கிடப்பதைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, இரண்டு மேஜைக்கரண்டி வெள்ளை வினிகர் விடுங்கள். முட்டையை அந்த ஆறிய சாயத்தில் போட்டு, அடுப்பை ஏற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிஷம். சூடான சாயத்தில் குளிர்ந்த முட்டையைப் போட்டால் வெடிக்கும். நிறம் போதவில்லை என்றால் ஆறியபின் சாயத்தோடு ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள். வெள்ளை ஓடு செங்கல் சிவப்பாகும், பழுப்பு ஓடு கருஞ்சிவப்பாகும். வினிகர் ஓட்டின் மேல்பரப்பைக் கொஞ்சமாக அரித்துச் சாயத்தைப் பிடிக்கவைக்கிறது. அதிகமாக விட்டால் ஓட்டில் குமிழ் குமிழாக வந்து, நிறம் திட்டுத் திட்டாகப் போகும்.

உங்கள் மாமியார் இலை அச்சு போடுகிறாரா என்று பாருங்கள். போடவில்லை என்றால் நீங்கள் தொடங்கலாம். கொத்தமல்லி இலை ஒன்றை நனைத்து முட்டையில் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டில் முட்டையை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டு அவியுங்கள். பிரித்து இலையை நகத்தால் கிளப்பினால், சிவப்புக்கு நடுவில் வெளிறிய இலை நரம்போடு நிற்கும். கறிவேப்பிலை தடித்தது, சரியாக ஒட்டாது, ஓரத்தில் சாயம் உள்ளே போய்விடும். மஞ்சள் தூளில் போட்டால் நல்ல மஞ்சள் வரும். ஆரத்தி மாதிரி சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்கலாமே என்று தோன்றும். வினிகர் பட்டதும் அது மறுபடி மஞ்சளுக்குத் திரும்பிவிடும், வேலைக்கு ஆகாது. கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும். முட்டை ஒரு வாரம் பத்து நாள் பழசாக இருப்பது நல்லது. அன்றன்றைய முட்டை அவித்தால் தோல் உரியாமல் வெள்ளையோடு பிய்த்துக்கொண்டு வரும். சேர்த்துவைத்த முட்டை நன்றாக உரிந்ததற்கு அதுதான் காரணம். ரொம்பப் பழசா என்று பார்க்கத் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் தூக்கி எறியுங்கள்.

ஒளிப்பதில் இரண்டு விஷயம் கவனம். அவித்த முட்டை டர்பன் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கிடந்தால் சாப்பிடக்கூடாது, விரிசல் விட்டதையும் கூடாது. அதனால் பிள்ளைகள் எழுந்து பல் தேய்க்கும்போது ஒளித்துவைத்து, எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தேடி முடித்ததும் எண்ணிப் பார்க்கலாம். அப்புறம் குரங்கு. உங்கள் பக்கம் மரங்கள் இருந்தால் வெர்வெட் குரங்குகள் வேலிமேல் உட்கார்ந்து நீங்கள் ஒளிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் உள்ளே போனதும் இறங்கும். மார்ஷ்மெல்லோ முட்டையின் தாளைப் பிள்ளைகளைவிட வேகமாக உரிக்கும். ஒரு பெரியவரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிடப் போகவேண்டும். நாய் இருந்தால் சாக்லேட் முட்டையைத் தரையில் வைக்கவே வேண்டாம், சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம். அதை மாமரக் கிளை இடுக்கிலும் ஜன்னல் விளிம்பிலும் வைத்துவிட்டு, கோழிமுட்டையைக் கீழே வையுங்கள். சின்னவர்களுக்குக் கீழே, பெரியவர்களுக்கு மேலே என்று சொல்லிவிட்டால் சண்டையும் பாதி குறையும்.